ஆறும் ஒண்ணும்

தவமணி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். அதில் அதிசயமில்லை. செய்யாறு பக்கத்தில் அவள் வயசுக்காரிகளில் பாதிப்பேர் சொல்லமாட்டார்கள். தவமணியின் கஷ்டம் என்னவென்றால், அவளுக்கு வாய்த்தவன் பேர் ஏழுமலை. அதனால் அவளிடம் ஏழு என்ற எண்ணே கிடையாது. ஆறுக்கு அப்புறம் "ஆறும் ஒண்ணும்", அதற்கப்புறம் எட்டு. மகள் ஜீவிதா ஏழாவது படித்த வருஷம் முழுக்க, "எட்டாவது போவப் போவுது" என்றே ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தச் சங்கதியெல்லாம் 'தெளிவு'க்குத் தெரியாது.

தெளிவு என்பது அரசாங்கம் கொண்டுவந்த பெட்டி. ஐம்பது வயசு தாண்டியும் நெருப்பு, வண்டி, குழந்தை இந்த மூன்றில் ஒன்றோடு வேலை செய்கிறவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை அதன் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது. பேச்சைக் கேட்டே, மறதி நோய் மூளையில் குடிவந்துவிட்டதா என்று சொல்லிவிடும். இல்லையென்றால் பச்சை அட்டை. வந்துவிட்டதென்றால் மஞ்சள் அட்டை, கூடவே நோயை இழுத்துப் பிடிக்கும் மாத்திரை.

மாத்திரையோடு நின்றிருந்தால் நல்ல திட்டம்தான். ஆனால் மஞ்சள் வாங்கியவர் அடுப்பைத் தொடக் கூடாது, வண்டி எடுக்கக் கூடாது, கையெழுத்துப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் 'நினைவுக் காப்பாளர்' சம்மதிக்க வேண்டும். அந்தக் காப்பாளர் யார்? பெட்டியிடம் வேறு ஆளைச் சொல்லாதவரைக்கும், வீட்டில் இருக்கிற பச்சை அட்டை ஆண்.

ஜீவிதா அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். எம்.ஏ. மொழியியல். அந்தப் படிப்புக்கு அரசாங்கம் கொடுத்த ஒப்பந்த வேலை, தெளிவு முகாமில் மொழி உதவியாளர். பெட்டியின் சுவிட்சைப் போட வேண்டும், ஆட்களை உட்காரவைக்க வேண்டும், பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது. மொழி படித்தவளுக்கு வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம்.

யூனியன் பள்ளிக்கூடத்து ஹாலில் முகாம் நடந்தது. வாசலில் பேனர்: 'மறதிப் பரிசோதனைக்கு மறவாமல் வாரீர்!' அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில்தான் தவமணி சமையல். சோறு வடித்த கையோடு, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம் அம்மா. நான் தெளிவு. உங்கள் கணவரின் பெயர் என்ன?"

தவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "பேரு சொல்லக் கூடாதுங்க. தோ, வெளிய ஆட்டோவுல கால நீட்டிகினு இருக்கறாரே, அவருதான்."

"பெயரைச் சொல்லுங்கள் அம்மா."

"திருப்பதி கீது இல்ல? அங்க எத்தினி மலை இருக்குது? அதான்."

"நன்றி. வாரத்திற்கு எத்தனை நாட்கள்?"

"ஆறும் ஒண்ணும்."

பெட்டி கொஞ்சம் யோசித்தது. "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்."

"தொண்ணூத்தி மூணு," என்றாள் தவமணி டக்கென்று. "எம்பத்தாறு." அப்புறம் நின்றாள். அடுத்தது எழுபதில் வருகிறது. எழுபதைச் சொல்லலாமா, அதிலும் அந்தாளு பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்திக்கும் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று, "அறுவதும் பத்தொம்போதும்" என்றாள். "அப்புறம் அறுவதும் பன்னெண்டும். அப்புறம் அறுவத்தஞ்சு."

ஹாலில் சிரிப்பு. ஜீவிதாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்தப் பேர் சொல்லாத வழக்கத்துக்காகக் கல்லூரிக் காலத்தில் அம்மாவோடு எத்தனை சண்டை! "அந்தாளு உன் பேரை நாயைக் கூப்புடற மாதிரி கூப்புடறாரு, நீ மட்டும் ஏம்மா நம்பரை முழுங்கற?" என்று கத்தியிருக்கிறாள். "போடி, படிச்சவளே," என்பாள் தவமணி. அதோடு சரி.

மஞ்சள் அட்டை வந்து விழுந்தது. காரணமும் அச்சாகியிருந்தது: 'நெருங்கிய உறவின் பெயர் நினைவில்லை. எண் வரிசை தவறுகிறது. சொல்லைத் தேடிச் சுற்றி வருகிறார்.'

அடுத்து ஏழுமலை. ஷேர் ஆட்டோக்காரர், அவருக்கும் கட்டாயம்.

"நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் ஐயா?"

"போட்டதத் துன்னேன்."

"உங்கள் மகள் என்ன படித்திருக்கிறார்?"

"இன்னாவோ பெரிய படிப்பு. அவங்கம்மாவத்தான் கேக்கணும்."

"உங்கள் மனைவியின் பிறந்தநாள்?"

"அவளுக்கு எதுக்குங்க பொறந்தநாளு?"

பச்சை. சுத்தமான, பளபளப்பான பச்சை. பெட்டி கூடவே, "வாழ்த்துகள் ஐயா. இன்றுமுதல் நீங்கள் திருமதி தவமணியின் நினைவுக் காப்பாளர்," என்றது.

ஜீவிதா அம்மாவுக்குக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பிடுங்கி, ஹால் வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் வீசினாள். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல!"

தவமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து ஏழுமலை பாடு திண்டாட்டமாகிவிட்டது. தவமணி பேங்க்குக்குப் போனால் அவர் போனுக்குக் கேள்வி வரும். கடையில் கியாஸ் லைட்டர் வாங்கினால் கேள்வி வரும். போனை எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியாது. "டிவி பொட்டி மேல பாருங்க," என்று தவமணிதான் சொல்வாள். "பச்சப் பட்டன அமுக்குங்க. அது இல்ல, அது உங்க கடிகாரம். தோ, இது." இப்படியாக, தன்னைக் கவனித்துக்கொள்ளும் வேலையையும் தவமணியே செய்தாள்.

ஜீவிதா சென்னைக்குப் போய்த் திட்டத்தின் தலைமை மருத்துவர் ரகுநந்தனைப் பிடித்தாள். மூளை படித்தவர். குளிரூட்டிய அறையில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"பதில் சரியா தப்பான்னு பெட்டி பார்க்கறதில்லம்மா," என்றார் பொறுமையாக. "எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பார்க்கும். மறதி நோயில முதல்ல போறது ஞாபகம்னு எல்லாரும் நினைக்கறாங்க. நிறையப் பேருக்கு முதல்ல தடுமாறுறது பேச்சு. சொல்லு கிடைக்காது. 'அதான், அந்த இது'ன்னு சுத்தி வருவாங்க. கேட்டதையே கேப்பாங்க. பழகின வேலையில கை நிக்கும்."

"எங்க ஊர்ல சுத்தி வர்றதுக்குப் பேரு மரியாதை சார்."

"ஆறு லட்சம் குரலை வெச்சுப் பழக்கின பெட்டி இது."

"அதுல புருஷன் பேரைச் சொல்லாத பொம்பள எத்தனை பேரு?"

அவர் சால்வையைச் சரிசெய்தார்.

"சரி, எங்கப்பாவுக்கு எப்படிப் பச்சை வந்துச்சு? ஒரு கேள்விக்கும் பதில் தெரியல."

"ஆண்கள் மாதிரியில அதுதாம்மா சராசரி. மனைவி பிறந்தநாள், குழந்தைங்க படிப்பு, நேத்து சாப்பிட்டது, எதுவும் பெரும்பாலானவங்களுக்குத் தெரியல. முன்னாடியே தெரியாதது மறதியாகாது இல்லையா?"

ஜீவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு.

"இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க," என்றார் ரகுநந்தன், குரலைத் தாழ்த்தி. "எங்களுக்குப் பெரிய தலைவலியே மறைக்கறவங்கதான். நோயாளிங்க ரொம்பக் கெட்டிக்காரங்க. சிரிச்சு மழுப்புவாங்க, ஜோக் அடிப்பாங்க. வீட்டுல இருக்கறவங்களுக்கே வருஷக் கணக்கா தெரியாது. உங்கம்மாவை ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லச் சொல்லுங்களேன். தெளிஞ்சிடும்."

"சொல்லமாட்டாங்க. சொல்லவும் வேணாம். தப்பு உங்க பெட்டியில."

பேரைச் சொல்லச் சொன்னது மட்டும்தான் அவள் காதில் ஏறியிருந்தது.

அறுவதும் பத்தொம்போதும் என்று அம்மா கணக்குப் போட்டதை முகாமில் ஒருத்தி செல்போனில் பிடித்திருந்தாள். ஜீவிதா அதை வாங்கி இணையத்தில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள் மாநிலம் முழுக்க அதே பேச்சு. பழனியைக் கட்டியவள் பழம் என்று சொல்லாததால் மஞ்சள், சந்திரனைக் கட்டியவள் திங்கட்கிழமை சொல்லாததால் மஞ்சள் என்று ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண்கள் உட்கார்ந்து, "ஆறும் ஒண்ணும்!" என்று கோஷம் போட்டார்கள். டிவியில் நான்கு ஆண்கள் உட்கார்ந்து, பெண்கள் புருஷன் பேரைச் சொல்லலாமா என்று விவாதித்தார்கள். அவர்கள் நடுவில் ஐந்தாவதாக ஜீவிதா.

"எங்கம்மா மூளை உங்க கம்ப்யூட்டரை விட வேகம்!" என்று மைக்கில் முழங்கினாள். தான் அடியோடு வெறுக்கிற ஒரு வழக்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோமே என்று நடுநடுவே உறைத்தது. கைதட்டலில் அந்த உறைப்பு அமுங்கிப் போனது.

வீட்டில் தவமணி டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் வந்ததும், "எம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்பாள்.

"நாளைக்குச் சொல்லுமா. மந்திரி கூப்பிட்டிருக்காரு."

தேர்தல் பக்கத்தில் இருந்ததால் அரசாங்கம் சீக்கிரமே இறங்கி வந்தது. 'மரபு விலக்கு' ஆணை பிறந்தது. ஜீவிதாவையே கூப்பிட்டு வாசகம் எழுதச் சொன்னார்கள். அவள் விட்டுவைப்பாளா? 'மரபு காரணமாகப் பதில் சொல்லாத பெண்ணை மருத்துவரோ, குடும்பத்தாரோ, வேறெவருமோ சந்தேகிக்கக் கூடாது' என்று இறுக்கி எழுதிக்கொடுத்தாள். பெட்டியைத் திருத்துகிற வேலையை எடுத்த கம்பெனி, எந்தக் கேள்வி, எந்த மரபு என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் சிரித்துக்கொண்டு 'சொல்லக் கூடாது' என்றால் முழு மதிப்பெண். அவ்வளவுதான்.

தவமணிக்குப் பச்சை வந்தது. பள்ளிக்கூடத்தில் மாலை போட்டார்கள். மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

ஒரு வருஷம் ஓடியது. அடுத்த முகாம், அதே ஹால். பெட்டிக்கு இப்போது 'மரபை மதிக்கும் தெளிவு' என்று பேர். தவமணி வந்து உட்கார்ந்தாள். ஜீவிதா ஓரத்தில் ஸ்டூலில் சாய்ந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

"சொல்லக் கூடாதுங்க."

"மரபு. நன்றி அம்மா. உங்கள் மகளின் பெயர் என்ன?"

தவமணி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். சிரித்தாள். "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"மரபு. நன்றி அம்மா."

ஜீவிதா நிமிர்ந்தாள். மகள் பேரைச் சொல்லக் கூடாது என்று எந்த ஊரில் மரபு?

"இது எந்த மாதம்?"

"சொல்லக் கூடாதுங்க."

"மரபு. நன்றி அம்மா."

பச்சை அட்டை வந்து விழுந்தது. தவமணி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகள் பக்கம் திரும்பாமலே அடுப்படிக்குப் போனாள்.

ஜீவிதா பின்னாலேயே ஓடினாள். ஓடும்போதே ஒன்று நெஞ்சில் வந்து இடித்தது. அம்மா வாயிலிருந்து தன் பேரைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? எம்மா, இந்தாடி, படிச்சவளே, பொண்ணே. எல்லாம் உண்டு. பேர் மட்டும் இல்லை. அவள் டிவியில் வந்தபோதும், "தோ, எம் பொண்ணு" என்றுதான் அக்கம்பக்கத்தில் காட்டினாளாம்.

அடுப்படியில் தவமணி பருப்பு அண்டாவை வெறித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பத்துலேருந்துமா?"

தவமணி மழுப்பப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். "அந்தப் பொட்டி மஞ்சள் குடுத்துச்சே, அதுக்கு முன்னயே."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்ல வுட்ட? மெட்ராசுக்குப் போற, டிவில பேசற, அதிகாரிய நிக்க வெச்சுக் கேக்கற. எங்கம்மா மூளை கம்ப்யூட்டரவிட வேகம்ன்ற. நம்ம வூட்ல மொத மொத ஒருத்தி ஜெயிச்சுகினு இருக்கறா. அப்ப குறுக்க வந்து, 'அடியே, பொட்டி சொல்றது நெசந்தாண்டி'ன்னு சொல்லவா?"

"அது தப்பான காரணத்துக்குச் சொல்லுச்சுமா! நீ நம்பர் மறந்துட்டேன்னு சொல்லுச்சு."

"காரணம் தப்பு. கணக்கு ரைட்டு." தவமணி சிரித்தாள். "எனக்குத் தெரிஞ்சுது, பொட்டிக்குத் தெரிஞ்சுது. உனக்குத்தான் தெரியல."

ஜீவிதா சுவரில் சாய்ந்தாள். குப்பைத் தொட்டிக்குப் போன மாத்திரை அட்டை கண் முன்னால் வந்தது. அந்த மாத்திரை ஆரம்பத்தில் சாப்பிட்டால்தான் பிடிக்கும் என்று அவளே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள்.

"மாத்திரை வாங்கலாம்மா. இப்பவே."

"மாத்திரைய வுடு. மொதல்ல இந்த அடுப்ப வாங்கிக்கோ." தவமணியின் குரல் இறங்கியது. "போன வாரம் பருப்பப் போட்டுட்டு, பத்த வெக்காமயே பாத்துகினு இருந்தேன். முந்தாநாளு கியாசத் தொறந்துட்டு வெளிய போய் உக்காந்துட்டேன். வாசன வந்து பள்ளிக்கூடத்து ஆயாதான் ஓடியாந்து மூடுச்சு. புள்ளைங்க இருக்கற எடண்டி இது."

ஜீவிதா அன்றே அடுப்படியை வேறு ஆளிடம் ஒப்படைத்தாள். அப்புறம் ரகுநந்தனுக்குப் போன் போட்டாள்.

"பச்சைக்கு மேல்முறையீடு கிடையாதும்மா," என்றார் அவர்.

"சார், எங்கம்மாவுக்கு என் பேரு ஞாபகம் இல்ல."

"அதை நான் சந்தேகிக்கக் கூடாது. மருத்துவரோ, குடும்பத்தாரோ, வேறெவருமோ. நீங்க எழுதின வரிதான்." குரலில் முதலில் ஒரு குத்தல் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. "மஞ்சள் இல்லாம மாத்திரையை வெளியில விடமாட்டாங்க. ஒரே வழிதான். விலக்கு வேணாம்னு அவங்களே பெட்டியில சொல்லணும்."

"எப்படிச் சொல்றது?"

"கணவர் பேரைச் சொன்னாப் போதும். பேர் சொன்ன பெண்ணுக்கு மரபு கிடையாது."

ஜீவிதா தயங்கித் தயங்கி அம்மாவிடம் போய்ச் சொன்னாள். பேரைச் சொல்லு சொல்லு என்று ஒரு காலத்தில் மல்லுக்கு நின்றவளுக்கு, இப்போது அதைக் கேட்க நாக்கு கூசியது.

தவமணி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "சொன்னா மாத்திரை குடுப்பான். உங்கப்பாதான் காப்பாளரா?"

"நீ வேற ஆளு சொல்லலாம்மா. உன் வாயால சொல்லணும். அப்டித்தான் சட்டம்."

"அப்ப உன்னச் சொல்றேன். அந்தாளு போனத் தேடிக் குடுக்கற வேலை இனிமே என்னால முடியாது."

மறுநாள் பகல். முகாம் முடியும் நேரம், ஹாலில் கூட்டமில்லை. தவமணி பெட்டி முன்னால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஷேர் ஆட்டோவில் ஏழுமலை.

"உங்கள் கணவரின் பெயர் என்ன?"

தவமணி கண்ணை மூடிக்கொண்டாள். முகம் சிவந்துபோயிற்று. பிறகு, கிணற்றுக்குள் பார்த்துக் கத்துகிற மாதிரி, "ஏழுமலை!" என்றாள்.

வெளியே ஆட்டோவிலிருந்து, "யாரது?" என்று குரல் வந்தது. அவருடைய அம்மா செத்த பிறகு ஒரு பெண் குரல் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. இறங்கி வந்து ஹால் வாசலில் நின்று, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பெண்டாட்டியையும் மகளையும் தவிர யாருமில்லை. ஒன்றும் புரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"நன்றி. மரபு விலக்கு நீக்கப்பட்டது," என்றது பெட்டி. அதற்குமேல் தவமணிக்குச் சிரித்து ஒதுங்க இடமில்லை. என்ன மாதம், தெரியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாள், தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் "தெரியலப்பா" என்று நேராகச் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்ல அவள் தோள் தளர்ந்து இறங்கியது.

மஞ்சள் வந்தது. மாத்திரையும் வந்தது.

"உங்கள் நினைவுக் காப்பாளராக நீங்கள் விரும்புபவரின் பெயரைச் சொல்லுங்கள் அம்மா."

"எம் பொண்ணு."

"பெயரைச் சொல்லுங்கள்."

"எம்.ஏ. படிச்சவ. சண்டைக்காரி. உன்னையே ஒரு தரம் மண்ணக் கவ்வ வெச்சாளே, அவதான். தோ, ஸ்டூல்ல உக்காந்து அழுவுறா பாரு."

"பெயரைச் சொல்லுங்கள் அம்மா. பெயர் சொல்லாவிட்டால் கணவரே காப்பாளர் ஆவார்."

தவமணி மகளைப் பார்த்தாள். வார்த்தை வருகிறதா என்று உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள். வாசலில் ஏழுமலை, "அதாம்மா... நம்ம... அது..." என்று கையை ஆட்டினார். அவருக்கு மகள் எப்போதும் "ஏ பொண்ணு"தான். உதவியாளர் பதில் எடுத்துக்கொடுத்தால் வேலை போய்விடும் என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஜீவிதா," என்றாள் ஜீவிதா.

"குரல் பொருந்தவில்லை," என்றது பெட்டி. "விதிமீறல் பதிவாகிறது."

"பதிஞ்சுக்கோ. நீ சொல்லுமா. ஜீவிதா."

"ஜீவிதா," என்றாள் தவமணி, சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. பெட்டி ஏற்றுக்கொண்டது. அவள் இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், கடையில் புதுப் புடவையை மடியில் போட்டுத் தடவிப் பார்க்கிறவள் மாதிரி.

"நல்லாத்தான் கீது," என்றாள் மகளைப் பார்த்து. "யாரு வெச்சது?"